நாற்றுக்குப் போட்ட கூரை

ஐப்பசி மழை கொட்டித் தீர்க்கிறது. வீட்டுக்குப் பின்னால், பழைய தண்ணீர்க் குழாய்களை வளைத்துக் கட்டிய கூண்டுக்குள் பிரிஸ்கில்லா குந்தியிருக்கிறாள். தலைக்கு மேல் கண்ணாடித் தாளில் மழை சோளம் பொரிவதுபோல் படபடக்கிறது. உள்ளே பால்நிற வெளிச்சம், ஈரமண் வாசனை. உடைந்த ஓடுகளை வரிசையாக நட்டு அணைத்த பாத்தியில் விரலுயரக் கத்திரி நாற்றுகள் ஓர் இலைகூட அசங்காமல் நிற்கின்றன. போன வருஷம் இதே மழையில் நாற்றெல்லாம் வாய்க்காலோடு போயிற்று. அதனால்தான், வீட்டு ஓட்டின்மேல் விரிக்கப் புருஷன் தானியேல் வாங்கிவந்த தாளை, அவனைக் கேட்காமலே இங்கே இழுத்துக் கட்டிவிட்டாள். நேற்றிலிருந்து அவன் முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போது கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு குனிந்து நுழைகிறான். நீர் தேங்கித் தொங்கும் தாளைத் தலையாலேயே முட்டித் தூக்குகிறான். குடம் கவிழ்ந்ததுபோல் தண்ணீர் வெளியே விழுகிறது. நாற்றுகளையே பார்க்கிறான்.

“இன்னாயா, தாளை அவுக்க வந்தியா?”

“நவுந்து குந்துமே. வூடெல்லாம் ஒழுவுது. இங்கதான் ஒரு சொட்டு எறங்கல.”