வெங்கடாசலத்தின் முன்னெச்சரிக்கை

மரக்காணம் உப்பளங்களில் வெங்கடாசலத்தின் நாக்கு பெயர்பெற்றது. விரலை நனைத்து நாவில் வைத்தால் போதும். அது எந்தப் பாத்தியின் தண்ணீர் என்று சொல்லிவிடுவார்.

அத்தகையவரின் ஆயில் என்ஜின், 2005ஆம் ஆண்டுக் கோடையில், டீசலின்றி நின்றது. தண்ணீர் இறைக்காவிட்டால் அந்தப் பருவமே வீண்.

வெளிநாட்டுக் கப்பல்களுக்காகச் சென்னைத் துறைமுகத்துக்கு டீசல் ஏற்றிச் செல்லும் டேங்கர் ஓட்டுநர் அந்தோணிராஜ் ஒரு வழி சொன்னான். இரண்டு பீப்பாய் டீசலை இறக்கிக்கொண்டு, ஈடாக இரண்டு பீப்பாய் உப்புத் தண்ணீரை ஊற்றிவிடுவது. அவனுக்குக் கூலி, வெங்கடாசலத்துக்கு மருமகன் வாங்கித் தந்த புத்தம்புதிய செல்போன்.

"கப்பல் பொகைக்குப் புதுசா சட்டம் வந்திருக்குதாமே? எண்ணெயைப் பாட்டில்ல புடிச்சு டெஸ்ட் பண்றாங்களாம்" என்றார் வெங்கடாசலம்.

"அது கந்தகத்துக்குங்க. தண்ணியை எவன் பாக்கப் போறான்?"

மறுநாள் டேங்கர் உப்பளத்துக்குள் திரும்பியது. அந்தோணிராஜ் டேங்கரின் அடியிலிருந்த அடிக்குழாயில் ரப்பர் குழாயை மாட்டப் போனான்.

"இருப்பா. மொதல்ல தண்ணியை ஊத்து. நடுவுல எவனாச்சும் வந்து குச்சி விட்டுப் பாத்தா மட்டம் கொறையக் கூடாது."

"எதை மொதல்ல செஞ்சா என்னங்க?"

"திருட்டையும் திருத்தமா செய்யணும்பா."

மூன்றாம் பாத்தியின் தண்ணீர் டேங்கரின் மேல்மூடி வழியே இறங்கியது. பிறகு அடிக்குழாயைத் திறந்தார்கள். டீசல் வாடை மூக்கைத் துளைக்க, ரப்பர் குழாய் வழியே பீப்பாய்கள் நிரம்பின. உப்புக் குவியலின் பின்னே, ஓலைக்கடியில் அவற்றை மறைத்தார்கள்.

அதன்பின் வெங்கடாசலத்துக்குச் சோறு இறங்கவில்லை. சாலையில் ஜீப் சென்றாலே உப்புக் குவியலின் பின்னே போய் ஓலையைச் சரிசெய்தார். ஒருவழியாக வீட்டுத் தொலைபேசி ஒலித்தது. அவர் கூலியாகக் கொடுத்த செல்போனிலிருந்தே அந்தோணிராஜ் பேசினான்.

"டெஸ்ட் முடிஞ்சுதுங்க. தண்ணி ஒரு சொட்டுகூட இல்லையாம். இவ்ளோ சுத்தமான டீசல் இதுவரைக்கும் வந்ததே இல்லன்னு கப்பல்காரன் கை குடுத்துட்டுப் போறான்."

"நம்ம கைராசி அப்படி" என்றார் வெங்கடாசலம், சற்றும் வெட்கமின்றி.

உடனே கூலியாள் கலியனை அழைத்து, பீப்பாயைத் திறந்து என்ஜினில் ஊற்றச் சொன்னார். என்ஜின் ஒருமுறை இருமிவிட்டு அடங்கியது.

"மொதலாளி, இது டீசல்தானுங்களா?"

"ஏன்டா, வாடை வரல?"

"வாடை வருதுங்க. டீசல்தான் வரல."

வெங்கடாசலம் பீப்பாயில் விரலை நனைத்து நாவில் வைத்தார்.

அந்த நாக்கு அன்றும் தவறவில்லை: மேலே ஊற்றியதும் டீசலைவிடக் கனமென்பதால் டேங்கரின் அடிக்குச் சென்று, அடிக்குழாய் வழியே முதல் ஆளாக இறங்கி வீடு திரும்பியிருந்தது, அவருடைய மூன்றாம் பாத்தித் தண்ணீர்.