சொக்கநாதனுக்கு நாற்பத்தொரு ஓட்டு

பிஸ்கட் டின்னைக் கவிழ்த்துக் கடைசிச் சீட்டையும் பிரித்தார் சிவசம்பு. சொக்கநாதனுக்கு நாற்பத்தொன்று. வீரமுத்துவுக்கு ஒன்று.

"அந்த ஒண்ணும் நான் போட்டது," என்றான் எதிரே நின்ற வீரமுத்து. "படுக்கையில கெடக்கிற மனுசனுக்கு நாப்பத்தொண்ணா? இதெல்லாம் ஒரு எலெக்‌ஷனா, கிராணி ஐயா?"

"வைக்கச் சொன்னது ஜப்பான்காரன். வைச்சாச்சு."

மலாயாவின் மூவார் டவுன் ஆபீசில் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து சிவசம்புதான் கிராணி, அதாவது குமாஸ்தா. இருபது வருடத்தில் அந்தக் கட்டடம் ஒரு தேர்தலைக் கண்டதில்லை. 1943-இல் கண்டது, பழைய வரிப் படிவங்களின் பின்பக்கத்தில்.

உத்தரவு சின்னதுதான். தெருவுக்கு ஒரு தலைவர். ரேஷன் பதிவேட்டில் பெயருள்ள எந்த ஆணும் நிற்கலாம். ஜெயித்தவர் ஜப்பான்காரன் போடும் சயாம் ரயில் பாதை வேலைக்குப் பத்து ஆண்களின் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும். வெள்ளிக்கிழமை லாரி வரும். முன்பு போன லாரியில் ஏறியவர்களில் ஒருவர்கூட இன்னும் திரும்பவில்லை.

வீரமுத்து கூலாய் ஊரிலிருந்து இந்தத் தெருவுக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. அதற்குள் பத்துப் பெயரையும் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தான். முதல் பெயர் லெட்சுமணன். கோழி கேட்டபோது இல்லை என்றவன்.

"எந்திரிச்சு உக்காரவே முடியாதவன் எப்படி லிஸ்டு குடுப்பான்?"

"குடுக்கமாட்டான் எண்டுதான் போட்டிருப்பினம், தம்பி."

"முடியாதுன்னா அடுத்து நான்தானே?"

சிவசம்பு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இல்லை. தலைவர் இல்லாட்டில் மறுதேர்தல். அதுக்கு ஜொகூர் பாருவில உத்தரவு எடுக்கவேணும். கடிதம் போய்வர ஒரு மாசம் செல்லும். தலைவரின்ட கையெழுத்து இல்லாத லிஸ்டு செல்லாது."

"அலமாக்," என்று நொந்துபோய்ப் பெஞ்சில் உட்கார்ந்தான் வீரமுத்து.

அப்போதுதான் சொக்கநாதனின் மனைவி சொர்ணம் ரேஷனுக்கு வந்தாள். செட்டிநாட்டுக்காரி, கப்பல் நின்றுபோனதால் ஊர் திரும்ப முடியாமல் இங்கேயே தங்கிவிட்டவள். தெருவே அவளை ஆச்சி என்றுதான் கூப்பிடும். தன் கார்டையும் கணவன் கார்டையும் மேசைமேல் வைத்தாள்.

"எப்படி இருக்காரு தலைவரு?" என்றான் வீரமுத்து, தலைவரு என்பதை இழுத்து.

"அப்படியேதான் இருக்காரு."

சிவசம்பு இரண்டு பங்கு அரிசி போட்டார். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து கடைசி இரண்டு கொயினா மாத்திரைகளை எடுத்து நீட்டினார். ஊரில் பொன் கிடைத்தாலும் கொயினா கிடைக்காத நாள்.

"இந்தாங்கோ ஆச்சி, காய்ச்சலுக்கு."

சொர்ணம் அதைத் தொடவில்லை. "லெட்சுமணன் மகளுக்குக் குடுங்க ஐயா. அதுக்குத்தான் குளிரு ஆளத் தூக்கிப் போடுது." அரிசிப் பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு போய்விட்டாள்.

மத்தியானம் ஜப்பானிய அதிகாரி வந்தார். முடிவைக் கேட்டார். தலைவர் எங்கே என்றார். வீரமுத்து முந்திக்கொண்டு, இடுப்பு ஒடியும்படி வணங்கி, "சாக்கிட், துவான்," நோயாளி ஐயா என்று மலாயில் சொல்லிப் படுத்துக் காட்டினான். அதிகாரியின் முகம் இறுகியது. படுத்திருந்தாலும் கையெழுத்துப் போடக் கை இருக்கிறதல்லவா? அவன் வீட்டுக்கு நடங்கள் என்றார்.

வெயில் தார்ச்சாலையை உருக்கிக்கொண்டிருந்தது. தெருவில் ஒரு கதவும் திறந்திருக்கவில்லை. ஒவ்வொரு ஜன்னல் இடுக்கிலும் ஒரு கண் இருந்தது.

சொர்ணம் வாசலில் நின்றாள். சிவசம்பு அதிகாரியின் பக்கம் திரும்பி, தலைவருக்குக் காலையிலிருந்து வாந்தியும் பேதியுமாம், தொற்று நோயாக இருக்கலாம் என்றார். அதிகாரி இரண்டடி பின்வாங்கிக் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார். வீரமுத்து நான்கடி.

"நீ போ," என்று சிவசம்புவுக்குக் கை காட்டினார் அதிகாரி.

சிவசம்பு லிஸ்டுக்கான வெற்றுக் காகிதத்தையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனார். வெளியே வந்தபோது காகிதம் வெறுமையாகவே இருந்தது.

"சூடா மாத்தி, துவான்," என்றார். இறந்துவிட்டார்.

அதிகாரி வாசற்படியை முறைத்தார். படியேறிப் பார்க்கக் கால் வரவில்லை. உடனே எரித்துவிடு, ஜொகூர் பாருவுக்குக் கடிதம் எழுது என்று கத்திவிட்டு நடந்தார். வீரமுத்து சட்டைப்பையிலிருந்த காகிதத்தை நீட்டிக்கொண்டே அவர் பின்னால் ஓடினான். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை லாரி இந்தத் தெருவுக்கு வராது. அடுத்த தெருவுக்குப் போகும். அதை நினைக்கவும் சிவசம்புவுக்குத் தெம்பில்லை. படியில் உட்கார்ந்து மரணப் படிவத்தை முழங்கால்மேல் விரித்தார்.

பெயர் எழுதினார். வயது எழுதினார். இறந்த தேதி என்ற இடத்தில் பேனா நின்றது. பிறகு இன்றைய தேதியைப் போட்டார்.

"ஆச்சி, இனி அவரின்ட கார்டையும் நான் வாங்கவேணும். அந்த அரிசி இல்லை. தெரியும்தானே?"

"தெரியும். தெருவுல ஆளுக்கு ஒரு பிடி தர்றேன்னாங்க." முந்தானையில் முடிந்திருந்த கார்டை அவிழ்த்துக் கொடுத்தாள்.

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. லெட்சுமணன் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்து, தலையிலிருந்த துண்டை எடுத்தான்.

சொர்ணம் தெருமுனையைப் பார்த்தாள். அதிகாரியும் இல்லை, வீரமுத்துவும் இல்லை. மெல்லக் குனிந்து கேட்டாள்.

"அவரு போயி எட்டு மாசம் ஆச்சு, கிராணி ஐயா. இனி நான் வாய்விட்டு அழலாமா?"