துரை சீமைக்குப் போன விதம்

"மாப்பிள்ளை இங்கிலீஷ் வாத்தியாரா இருக்கட்டும், யாரா வேணா இருக்கட்டும். மூணு கேள்வி நான் கேப்பேன். பதில் வந்தாத்தான் பொண்ணு" என்றார் அப்புசாமி.

வெண்ணந்தூரில் இங்கிலீஷ் என்றால் அப்புசாமிதான். மச்சான் காய்ச்சலில் போய்ச் சேர்ந்து, கிணறும் வற்றிப்போன வருஷம், அக்கா பொன்னாத்தாளையும் அவள் மகள் ராசாத்தியையும் காப்பாற்ற ஏற்காடு மலையேறி ஒரு துரை பங்களாவில் சமையலுக்கு நின்றவர். கொண்டுவந்தது கொஞ்சம் சம்பளமும் நிறைய இங்கிலீஷும். போன மாசம் வந்த வக்கீல் மாப்பிள்ளை அந்த இங்கிலீஷைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்துவிட்டான். அப்புறம் அப்புசாமி பல நாள் வாசல் பக்கமே வரவில்லை. ராசாத்தியும் அவனை வேண்டாமென்று சொல்லிவிட்டாள்.

இன்றைக்கு வந்திருப்பவன் மயில்சாமி, டவுன் பள்ளிக்கூடத்து வாத்தியார். வேடிக்கை பார்க்க வாசலில் பாதி ஊர் கூடியிருந்தது.

"கேளுங்க, கேளுங்க. பி.ஏ. படிச்ச பையனுங்க" என்று மீசையைத் தடவினார் அவன் சித்தப்பா வெள்ளியங்கிரி.

"கிச்சன்னா என்ன, சிக்கன்னா என்ன?"

"கிச்சன் சமையக்கட்டுங்க. சிக்கன் கோழிங்க."

அப்புசாமி தொடையைத் தட்டிச் சிரித்தார். "போச்சு! துரைசாணி 'கிச்சன்'னு கையைக் காட்டும். நான் ஓடிப்போய்க் கோழியைப் புடிச்சாந்து நிறுத்துவேன். ஒரு நாளாச்சும் வேண்டாம்னு சொல்லியிருக்குமா? சிரிச்சுக்கிட்டே இருக்கும். அத்தனை பிரியம் எம்மேல!"

மயில்சாமி அவரைப் பார்த்தான். வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்தான்.

"ஆமாங்க. நாந்தான் மாத்திச் சொல்லிட்டனுங்க."

"அடப்பாவி" என்று முணுமுணுத்தார் வெள்ளியங்கிரி.

"போவுது. ஷிப்பு, ஷீப்பு?"

"ஷிப்புன்னா கப்பலு..."

"அட, அது செம்மறியாடுங்க! கப்பலுக்குப் பேரு ஷீப்பு. துரை ஷீப்புல ஏறித்தான் சீமைக்குப் போனாரு. பொட்டி கட்டிக் குடுத்தவனே நானு!"

ஒரு செம்மறியாடு துரையையும் பெட்டியையும் சுமந்துகொண்டு கடலில் நீந்துவது மயில்சாமியின் கண்முன் வந்து போயிற்று. பல்லைக் கடித்துச் சிரிப்பை அடக்கினான்.

"சரிதானுங்க. ஷீப்புலதான் போயிருப்பாருங்க."

"இதுகூடத் தெரியலீன்னா எப்படிங்க? எங்க ராசாத்திக்கே நாந்தான் இங்கிலீஷ் சொல்லிக் குடுத்தேன். ஒரு வார்த்தை எதுத்துக் கேட்டதில்ல. சரி, கடைசி. அங்கிள்னா என்ன, ஆங்க்கிள்னா என்ன?"

இந்தத் தடவை மயில்சாமி உஷாராகிவிட்டான். மாமன் எப்படியும் மாற்றித்தான் வைத்திருப்பார். தானே முந்திக்கொண்டு மாற்றிச் சொல்லிவிட்டால் வம்பில்லை.

"அங்கிள்னா கணுக்காலுங்க. ஆங்க்கிள்னா மாமனுங்க."

அப்புசாமி எழுந்தே விட்டார். கஷ்டகாலம், அந்த ஒன்று மட்டும் அவருக்குச் சரியாகத் தெரிந்திருந்தது.

"நான் ராசாத்திக்கு அங்கிளுங்க! அப்ப நான் கணுக்காலா?"

வாசலே கொல்லென்று சிரித்தது.

"இந்தச் சம்பந்தம் வேண்டாமுங்க. இவருகிட்டப் படிக்கிற புள்ளைங்களை நெனச்சாத்தான் எனக்கு வயிறு எரியுது" என்றார் அப்புசாமி.

வெள்ளியங்கிரி மயில்சாமியின் காதருகே சீறினார். "எந்திரிடா மானங்கெட்டவனே. பொண்ணோட வர்ற தோட்டத்துக்கு ஆசைப்பட்டு இப்படியா தலையை ஆட்டுவே? இப்ப அதுவும் போச்சு!"

மயில்சாமி துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தான்.

கதவுக்குப் பின்னாலிருந்து ராசாத்தியின் குரல் வந்தது.

"மாமா, எனக்கு இவரையே கட்டி வெச்சுருங்க."

"மூணுக்கு மூணும் தப்பாச் சொன்னவரையா, சாமி?"

"உங்களாட்டம் எல்லாத்துக்கும் வருமுங்களா? கண்ணாலத்துக்கு அப்புறம் நீங்களே சொல்லிக் குடுத்துருங்க."

அப்புசாமிக்கு முகமெல்லாம் பல்லாயிற்று. "அக்கா, வெத்தலை பாக்கு எடுத்தா! எம் மருமவ கேட்டு நான் இல்லீன்னு சொல்லுவனா?"

பெரியவர்கள் நாள் பார்ப்பதில் மும்முரமானார்கள். மோர் கொண்டுவந்து நீட்டியவளிடம் மயில்சாமி மெல்லக் கேட்டான்.

"எல்லாந் தப்பாச் சொன்ன வாத்தியானை எதுக்குங்க புடிச்சுது?"

ராசாத்தி தலை நிமிரவில்லை.

"மாமன் சம்பளத்துல சேலத்து மிஷன் பள்ளிக்கூடத்துல படிச்சவ நானு. இங்கிலீஷ்ல மொத மார்க்குங்க. இந்த ஊட்டுல துரை செம்மறியாட்டு மேல சீமைக்குப் போவ ஆரம்பிச்சு ரொம்ப வருசமாச்சு. இத்தனை நாளும் நான் ஒருத்தியாத்தான் ஏத்தி உட்டுட்டு இருந்தேன். இனிமே நீங்களும் ஒரு கை புடிங்க."