அரை முடி இடைவெளி

இன்ஜினுக்குள் இருக்கும் அந்த ராடின் மூடியை மூன்றாவது தடவையாகக் கழற்றினால் யாருக்குத்தான் கோபம் வராது?

"அண்ணே, விடிஞ்சா ரேஸ்! இன்னும் அளந்துக்கிட்டே இருந்தா எப்படி?"

பட்டறையில் அவனுக்கு 'அவசரம்' என்றுதான் பெயர். கார் ஓட்டுவதிலும் சரி, பேசுவதிலும் சரி, பிரேக்கே கிடையாது.

மெக்கானிக் அசரவில்லை. பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடுக்குள், இடைவெளி பார்க்க வைத்து நசுங்கிக் கிடந்த மெழுகு இழையை அளந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"இந்த ஒரு ராடுல மட்டும் இடைவெளி பத்தலைப்பா. ஒரு தலைமுடி கனம் இருக்கணும். பாதிதான் இருக்கு."

"அரை முடிக்கா இந்தப் பாடு?"

"அந்த இடத்துலதான் ஆயில் நிக்கணும். நீ மிதிக்கிற மிதிக்கு, ஆயில் இல்லேன்னா ராடு உடைஞ்சு இன்ஜினைப் பொத்துக்கிட்டு வெளிய வரும். கொஞ்சம் மெலிசான பேரிங் போடணும். கடையில இல்லை, வர ரெண்டு நாள் ஆகும்."

தலையில் குண்டைத் தூக்கிப் போட்டாற்போல் இருந்தது அவசரத்துக்கு. ஒரு வருஷமாக இந்த ஒரு பந்தயத்தைத்தான் கனவு கண்டுகொண்டிருந்தான்.

பக்கத்தில் ஒரு சிவப்பு கார், அதே ரக இன்ஜினோடு, எல்லாம் பூட்டித் தயாராக நின்றது. மெக்கானிக்கின் மனைவியுடையது. அவளும் நாளைக்கு ஓட்டுகிறாள். போன வருஷம் அவனிடம் நூலிழையில் தோற்றவள்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. வாய் முந்திக்கொண்டது.

"புரியுதுண்ணே. அண்ணி வண்டி நேத்தே ரெடி. என் வண்டிக்கு மட்டும் அளவு சரியில்லை! வீட்டுக்காரம்மா ஜெயிக்கணும்னா என்கிட்ட நேராவே சொல்லியிருக்கலாமே?"

மெக்கானிக்கின் முகம் சுருங்கிப் போனது. சிவப்பு காரைத் துடைத்துக்கொண்டிருந்த அவர் மனைவிதான் நிமிர்ந்தாள்.

"சாயங்காலம் வாங்க தம்பி. வண்டி ரெடியா இருக்கும்."

இருந்தது! சாவியைத் திருப்பியதும் இன்ஜின் வெண்ணெயாக ஓடியது. வாயுள்ள பிள்ளைதான் பிழைக்கும் என்று தன்னைத் தானே மெச்சிக்கொண்டு ஓட்டிப் போனான்.

மறுநாள் அவன்தான் முதல். சிவப்பு கார் களத்துக்கே வரவில்லை. ஆனால் கூட்டத்தில் நின்று அண்ணனும் அண்ணியும் கை வலிக்கத் தட்டிக்கொண்டிருந்தார்கள். கோப்பையோடு அவர்களிடம் ஓடினான்.

"என்ன அண்ணி, என்னைப் பார்த்து பயந்துட்டீங்களா?"

"பயம்தான் தம்பி" என்று சிரித்தாள் அவள். "என் வீட்டுக்காரர் அளவுல கள்ளம் வெச்சார்னு பேராயிடுமோன்னு பயந்துட்டேன். நல்லா ஓட்டினீங்க, ரொம்ப சந்தோஷம். என் இன்ஜின்ல இருந்து கழட்டி உங்களுக்குப் போட்ட பேரிங்கை மட்டும் அடுத்த வாரம் திருப்பிக் குடுத்துடுங்க."