வீரணனின் தொண்டைச் சதை

திண்டுக்கல் கல்லூரி ஆய்வகத் தரையில் மதிய வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலை நீட்டிப் போட்டிருக்கிறது. போன மாதம் உணவுக்குழாய்ப் புற்றுநோயில் இறந்த வீரணனின் செல் ஒன்றைப் படமெடுத்து, அந்தப் படத்திலிருந்து குரோமோசோம்களைக் கத்தரித்து ஜோடி ஜோடியாக ஒட்டிக்கொண்டிருக்கிறாள் ஆய்வு மாணவி ரீனா. ஒடிந்தவையும் ஜோடி கிடைக்காதவையும் ஓரத்தில் கிடக்கின்றன. எதிரே, கன்னிவாடியிலிருந்து வந்த அவர் மனைவி பொன்னழகு, காலித் தூக்குவாளியை நெஞ்சோடு அணைத்தபடி நிற்கிறாள். “அவரு தொண்டையில வெட்டுன சதையக் குடுத்துரு தாயி. எரிச்ச எடத்துலயே பொதைச்சிர்றேன். மனுசன் முழுசாப் போய்ச் சேரணும்ல.” ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு ரீனா அவர் செல்கள் இருக்கும் குடுவையை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டுகிறாள். இளஞ்சிவப்பு நீர் மெல்ல அலம்புகிறது. “அது வெறும் சதை இல்லக்கா. இந்தத் தண்ணியக் குடிச்சு உசுரோட வளருது.” தூக்குவாளியின் மூடி நழுவி விழுந்து, சிமெண்டுத் தரையில் சுழன்று சுழன்று அடங்குகிறது. பொன்னழகு குனியவில்லை. குடுவையிலிருந்து அவள் கண் நகரவில்லை. “கடைசியில ஒரு சொட்டுத் தண்ணி எறங்கல அவருக்கு. இது குடிக்குதா?” அவள் விரல்கள் வெறுங்கழுத்தைத் தடவுகின்றன. “உசுரோடதான் இருக்காருன்னா, எந்தாலிய எதுக்குத் தாயி அறுத்தாக?”