நாலாவது வகை

திரையில் படம் இன்னும் மாறவில்லை.

அவள் மடியில் கைகளைக் கோத்து வைத்திருந்தாள். பக்கத்தில் அவளுடைய பிரிவுத் தலைவர் இன்னாசி சார். நாலைந்து வரிசை பின்னால், வேறோர் ஆய்வகத்தின் ஆட்களோடு, அவள் கணவன் தளவாய்.

சென்னையில் ஓர் ஓட்டல் அரங்கம். பல நாட்டு ஆய்வகங்கள். எல்லோருக்கும் ஒரே பரீட்சை.

ஒரு பருத்தித் துணித்துண்டு அனுப்பியிருந்தார்கள். அதில் கண்ணுக்குத் தெரியாத யுரேனியத் துகள்கள். ஒவ்வொன்றிலும் யுரேனியம் 235 எவ்வளவு, 238 எவ்வளவு என்று அளந்து சொல்ல வேண்டும். அந்த விகிதம்தான் துகளின் ஊரும் பேரும்.

முடிவு வரும்வரை ஆய்வகங்கள் தங்களுக்குள் இதைப் பற்றிப் பேசக் கூடாது.

அவர்கள் வீட்டிலோ இரண்டு ஆய்வகங்கள்.

பேசவில்லை. சாப்பிடும்போது சினிமா, மாமியாரின் முழங்கால், தண்ணீர் மோட்டார். ஒருநாள் காலையில் தளவாய் ஹாலில் பாயோடு கிடந்தான்.

"நீ தூக்கத்துல நம்பரா சொல்லுத. காதுல விழுந்துரப்படாதுன்னு எந்திரிச்சு வந்துட்டேன்."

அவள் அளந்த துகள்கள் மூன்று விகிதங்களில் அடங்கின.

ஒன்று மட்டும் அடங்கவில்லை. அதில் 235 ஏகத்துக்கும் அதிகம். அணுகுண்டுக்கு வேண்டியது அந்த 235தான்.

அயனிக் கற்றையைப் பாய்ச்சித்தான் அளக்க முடியும். அளக்க அளக்கத் துகள் அரிபட்டுக் கரைந்து போகும். கடைசியில் எண் மட்டும் மிஞ்சும்.

"இன்னொரு தடவ அளந்து காட்டும்மா" என்றார் இன்னாசி சார்.

"தீந்து போச்சு சார்."

"ஒத்தத் துகள வச்சு எப்படி எழுதுறது? மிஷின்ல பழசு எதுவும் ஒட்டியிருந்திருக்கும். நெசமான சாம்பிள்னா ஒரு நாட்டு மேல பழி சொல்லுத காரியம்லா இது."

அவர் சொன்னதில் தப்பில்லை. அவள் கருவியைத் துடைத்தாள். துகள் தூவாத வெறும் தகடுகளை மாற்றி மாற்றி வைத்து அளந்தாள். எதுவும் இல்லை. திரும்பவும் துடைத்தாள். அப்போதும் இல்லை.

அந்த ஒற்றைத் துகளையும் அறிக்கையில் எழுதினாள்.

இன்னாசி சார் பேனாவைத் திறந்தார், மூடினார், திறந்தார்.

"தப்பாப் போச்சுன்னா ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் அசிங்கம்."

கையெழுத்துப் போட்டார்.

படம் மாறியது.

துணியில் இருந்தவை: நான்கு வகை.

அவள் எழுத்துக் கூட்டி வாசித்தாள், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.

நாலாவது வகையை வேண்டுமென்றே மிகமிகக் கொஞ்சமாகத் தூவினோம் என்றார் மேடையிலிருந்த வெள்ளைக்கார அம்மாள். அதைப் பிடித்தவை இரண்டே ஆய்வகங்கள். எண் மூன்று. எண் ஒன்பது.

ஒன்பது அவளுடையது.

இன்னாசி சார் தன் தொடையில் ஓங்கித் தட்டினார்.

"அடிச்சிட்டியேம்மா!"

மொழி தெரியாதவர்களும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

இரு ஆய்வகத்தாரும் மேடைக்கு வரலாம் என்றார் அந்த அம்மாள்.

எழுந்தாள். கால் தரையில் பாவவில்லை. மூன்றாம் எண் யாரென்று பார்க்கத் திரும்பினாள்.

பின்னால் ஒரு நாற்காலி மல்லாக்க விழுந்தது.

அதைத் தூக்கி நிறுத்தக்கூடத் தோன்றாமல் தளவாய் வந்துகொண்டிருந்தான். மைக் வயரைத் தாண்டினான். யாரோ ஒருவருடைய பையை மிதித்தான். வாயெல்லாம் பல்.

மேடையில் இருவரும் எதிரெதிரே நின்றார்கள்.

நீங்கள் இருவரும் முதலில் அறிமுகம் செய்துகொள்ளுங்கள் என்றார் அந்த அம்மாள்.

கீழே இன்னாசி சார் வாயைப் பொத்திக்கொண்டார்.

தளவாய் கையை நீட்டினான்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர்கள் கைகுலுக்கியதே இல்லை. அவன் உள்ளங்கை ஜில்லென்று வியர்த்திருந்தது. அவளுடையதும்தான்.

"எத்தன துகள்?" உதடு அசையாமல் கேட்டாள்.

"ஒண்ணு. ஒனக்கு?"

"ஒண்ணுதான்."

கைதட்டல் ஓய்ந்தது. அந்த அம்மாள் அடுத்த பேச்சாளரை அழைக்கக் கையிலிருந்த தாளைப் புரட்டினார். பெயரைச் சொல்ல வாயெடுத்தார்.

நிறுத்தினார். இன்னும் விடாமல் இருந்த அந்தக் கைகளைப் பார்த்தார்.