பேட்ஜ் கழற்றிய எதிரி

"தோழரே, புராஸ்டேட் புற்றுநோயில் சாதுவும் உண்டு, ரவுடியும் உண்டு. எனக்கு வந்திருப்பவன் ரவுடி!"

ஸ்கேன் எடுக்கக் காத்திருந்த கூட்டம் வாய்பிளந்து கேட்டது. பேசியவர் முப்பது வருடம் மில் தொழிற்சங்கத் தலைவராக இருந்தவர். குரல் மட்டும் ரிட்டயர் ஆகவில்லை.

"முதல்ல எடுத்த ஸ்கேன், மேல ஒரு புரதத்தை பேட்ஜ் மாதிரி குத்தின புற்றுநோய் செல்லைத்தான் பிடிக்கும். இவன் பேட்ஜைக் கழற்றி எறிஞ்சிட்டான். ஆனா பசி தாங்கமாட்டான். சர்க்கரை மருந்து ஏத்தினா ஓடிவந்து தின்பான், இந்த ஸ்கேன்ல மாட்டுவான்! இன்னைக்கு மாட்டினாத்தான் நாளைக்கு டாக்டர் வைத்தியத்தைத் தொடங்க முடியும்."

நர்ஸ் வந்தாள். "மன்னிக்கணும். சர்க்கரை மருந்து ரெண்டு பேருக்கு வேணும், இன்னைக்கு ஒருத்தருக்குத்தான் வந்திருக்கு."

மூலையில் உட்கார்ந்திருந்தவர் சட்டென்று எழுந்து டாக்டர் அறைக்குள் நுழைந்தார். அதே மில்லின் பழைய மேனேஜர்.

தலைவருக்கு வெறும் வயிற்றிலும் ரத்தம் கொதித்தது.

"பார்த்தீங்களா? சிபாரிசு! சாகப்போற வயசிலும் அந்த ஆளுக்குப் புத்தி போகலை!"

"ஐயா, அவரு வந்து..." என்றாள் நர்ஸ்.

"நீ சும்மா இரும்மா!" தலைவர் டாக்டர் அறை வாசலில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். "மேனேஜர் ஒழிக! பின்வாசல் ஒழிக!"

கூட்டமும் ஒழிக போட்டது. கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தவர்கூட மறு கையைத் தூக்கினார்.

கதவு திறந்தது. மேனேஜர் தலைவரைத் தாண்டி வெளியே போனார்.

"நீங்க வாங்க ஐயா" என்றாள் நர்ஸ்.

"போராடினோம், வென்றோம்!" கைதட்டலுக்கு நடுவே தலைவர் உள்ளே போனார்.

ஊசி போட்டாயிற்று.

"இனி ஒரு மணி நேரம் பேசக்கூடாது, கை தூக்கக்கூடாது. பேசினா தொண்டைச் சதையே சர்க்கரையைத் தின்னுடும், படம் கெட்டுடும்" என்றாள் நர்ஸ்.

தலைவர் கண்ணாலேயே சம்மதித்தார்.

"இப்ப சொல்றேன். மருந்து அந்த மேனேஜர் பேருக்கு வந்ததுங்க. 'என்னுது சாது வகை, பொறுக்கும். அவருக்குக் குடுங்க'ன்னு டாக்டர்கிட்ட ஒத்தக்காலில் நின்னார்."

தலைவரின் வாய் திறந்தது. நர்ஸ் உதட்டில் விரல் வைத்தாள்.

"'ஊசி போட்ட பிறகு சொல்லும்மா. வாழ்நாளில் ஒரு தடவையாவது அந்த ஆளு எனக்கு எதிர்ப்பேச்சு பேசாம இருக்கட்டும்'னார்."

கண்ணாடிக் கதவுக்கு வெளியே, பல்லெல்லாம் தெரிய, முஷ்டியை உயர்த்திக் கத்திக்கொண்டிருந்தார் மேனேஜர்:

"தலைவர் வாழ்க!"